தாய்மொழிக்கு எண் இல்லை

விக்கிப்பீடியாவில் எழுத வருகிறவரிடம் பெயர், ஊர், வயது, படிப்பு எதையும் யாரும் கேட்பதில்லை. புனைபெயரில் பல ஆண்டுகள் எழுதிவிட்டு, இன்னாரென்று தெரியாமலே விலகிப்போனவர்கள் உண்டு. இவ்வளவு மறைவாக இயங்கக்கூடிய இடத்திலும் பலர் தாங்களாகவே முன்வந்து சொல்லும் விவரம் ஒன்று இருக்கிறது: தங்களுக்குத் தெரிந்த மொழிகள். பயனர் பக்கத்தின் ஓரத்தில் அதற்கென்று ஒரு சிறு பெட்டி. தாய்மொழி இன்னது, தெரிந்த பிற மொழிகள் இவை, ஒவ்வொன்றிலும் தேர்ச்சி இவ்வளவு என்று அதில் குறித்திருப்பார்கள். தேர்ச்சிக்குச் சுழியம் முதல் ஐந்து வரை படிகள். சுழியம் என்றால் அறவே தெரியாது. ஒன்று என்றால் தட்டுத்தடுமாறிப் புரிந்துகொள்வார். ஐந்து என்றால் தொழில்முறைத் தேர்ச்சி. தாய்மொழிக்கு மட்டும் எண் கிடையாது. தாய்மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் அதோடு சரி. எவ்வளவு தெரியும் என்ற கேள்வியே எழாது.

அந்தக் கேள்வியைத்தான் இன்று எழுப்ப வேண்டியிருக்கிறது.

சென்னையில் வேலை பார்க்கும் ஓர் இதயநோய் மருத்துவரை எடுத்துக்கொள்வோம். நோயாளி ‘நெஞ்சு கரிக்குது’ என்பதற்கும் ‘நெஞ்சை அடைக்குது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அவருக்கு நொடியில் பிடிபடும். அந்தத் தமிழ்க் காது இல்லாவிட்டால் அவருடைய மருத்துவமே பாதியாகிவிடும். அதே மருத்துவரிடம் இதய வால்வு எப்படி வேலை செய்கிறது என்று தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் கை நின்றுவிடும். ஆங்கிலத்தில் என்றால் அரைமணி நேரத்தில் முடித்துவிடுவார். அவருக்குத் தமிழ்ப்பற்று இல்லை என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். அவர் படித்த பள்ளியிலும் கல்லூரியிலும் அறிவியல் ஒருநாளும் தமிழில் அவரிடம் வரவில்லை, அவ்வளவுதான். மின்பொறியாளர், தணிக்கையாளர், வழக்கறிஞர் என்று பலருடைய நிலையும் இதுதான். வீடும் சந்தையும் திரைப்படமும் தமிழில் நடக்கின்றன. படிப்பும் வேலையும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. இதை இருமொழித் திறன் என்று பெருமையாகச் சொல்கிறோம். உள்ளே போய்ப் பார்த்தால், ஒரு முழு வாழ்க்கையை இரண்டு மொழிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. தாய்மொழிக்குக் கிடைத்த பங்கில் எழுத்து மிகக் குறைவு.

பேச்சு மட்டுமே இருக்கும் இடத்தில் இந்தக் குறை வெளியே தெரியாது. எழுத்தையே நம்பி நடக்கும் ஓர் இணையச் சமூகத்தில் உடனே தெரிந்துவிடும். விக்கிப்பீடியாவுக்கு 300க்கும் மேற்பட்ட மொழிப் பதிப்புகள் இருக்கின்றன. உலக மொழிகளின் எழுத்து நலத்தை ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

முதலில் காட்டலான் மொழியைப் பார்க்கலாம். பார்சிலோனாவும் அதைச் சுற்றியுள்ள நிலமும்தான் அதன் தாயகம். பேசத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். ஸ்பெயினில் வாழும் காட்டலானியர் அனைவருக்கும் ஸ்பானிய மொழியும் தெரியும். இருபது நாடுகளில் வாசகர்களைக் கொண்ட ஸ்பானிய மொழியிலேயே அவர்கள் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. ஆங்கிலப் பதிப்பு 2001 ஜனவரியில் தொடங்கியது; காட்டலான் பதிப்பு அதே ஆண்டு மார்ச்சில் தொடங்கிவிட்டது. இன்று அதில் ஏழரை லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரில் தொடங்கி, 2017 மே மாதத்தில் ஒரு லட்சத்தை எட்டி, இப்போது ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6 கோடியே 90 லட்சம். இலங்கையும் மலேசியாவும் சிங்கப்பூரும் தனி.

காட்டலானியரின் மொழிப்பற்று நம்முடையதைவிடப் பெரியதா? அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், 1939 முதல் 1975 வரை, காட்டலான் மொழி பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விரட்டப்பட்டிருந்தது. வீட்டுக்குள் பேசும் மொழியாக ஒரு தலைமுறை அதைக் காத்தது. சர்வாதிகாரம் ஒழிந்தபின், 1983இல் காட்டலோனியா ஒரு மொழிச் சட்டம் இயற்றியது. அதைத் தொடர்ந்து காட்டலான் பள்ளிகளின் பயிற்று மொழியானது. கணக்கும் வேதியியலும் வரலாறும் அந்த மொழியில் வகுப்பறைக்குள் வந்தன. அப்படிப் படித்து வளர்ந்தவர்களுக்கு இணையம் வந்தபோது தாய்மொழியில் எழுதுவது தனியாகப் பழக வேண்டிய வேலையாக இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியதைத் திரையில் தொடர்ந்தார்கள். அவர்களுடைய சாதனைக்கு அடித்தளம் அந்த வகுப்பறைதான்.

எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மொழியின் நலத்தை அளந்துவிடக் கூடாது என்பதற்கும் இதே களத்தில் சான்று உண்டு. கட்டுரை எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது பிலிப்பைன்ஸ் நாட்டின் செபுவானோ. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைச் சுவீடன் நாட்டவர் ஒருவர் உருவாக்கிய தானியங்கி நிரல், தரவுப் பட்டியல்களிலிருந்து எடுத்து அடுக்கியது. இரண்டு கோடிப் பேர் பேசும் மொழி அது. அந்த இரண்டு கோடிப் பேரின் கையெழுத்து அந்தக் கலைக்களஞ்சியத்தில் அரிது.

இன்னும் வருத்தமானது ஸ்காட்ஸ் மொழிக்கு நேர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஆங்கிலத்தின் உடன்பிறப்பாக வளர்ந்த மொழி அது. 2011 கணக்கெடுப்பில் அதைப் பேசுவதாகச் சொன்னவர்கள் சுமார் 15 லட்சம். 2020 ஆகஸ்டில் ஓர் உண்மை வெளியே வந்தது. ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவின் பல்லாயிரம் கட்டுரைகளை எழுதியவர் அந்த மொழியே தெரியாத ஓர் அமெரிக்க இளைஞர். பன்னிரண்டு வயதில் தொடங்கி, ஆங்கில வாக்கியத்தை எடுத்து, அகராதியைப் பார்த்துச் சொல்லை மாற்றி, எழுத்தைத் திருகி, ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். கெட்ட எண்ணம் இல்லை. ஒரு மொழிக்குத் தொண்டு செய்வதாகவே நம்பியிருக்கிறார். அந்தச் சிறுவனைக் குறைசொல்வதில் பயனில்லை. 15 லட்சம் பேர் பேசும் மொழியில், இது எங்கள் மொழி இல்லை என்று சொல்ல ஒருவர்கூட அத்தனை ஆண்டுகளாக அங்கே நிலையாக உட்கார்ந்திருக்கவில்லையே, அதுதான் யோசிக்க வேண்டியது. ஸ்காட்ஸ் பேசியவர்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதப் பழகியவர்கள். தாய்மொழியை எழுத்தில் காவல் காக்க ஆளில்லாத இடத்துக்கு வெளியாள் வந்து சேர்ந்தார்.

கிரீன்லாந்தின் மொழிக்கு நடந்தது இதற்கும் மேல். மொத்த மக்கள்தொகையே சுமார் 57 ஆயிரம். 2009 முதல் அதுதான் அந்நாட்டின் ஒரே அலுவல் மொழி. ஒரு முழு வாக்கியத்தின் பொருளை ஒரே நீண்ட சொல்லுக்குள் அடக்கிவிடும் அமைப்பு அதற்கு உண்டு. மொழிபெயர்ப்புப் பொறிகள் அங்கே மீண்டும் மீண்டும் இடறுகின்றன. அந்த மொழியின் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் மொழி தெரியாத வெளியாட்கள். பின்னாளில் பொறிமொழிபெயர்ப்பு அப்படியே வந்து குவிந்தது. நிர்வாகியே முன்வந்து மூடிவிடும்படி கேட்டார். 2025இல் மூட முடிவாயிற்று.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. மொழிபெயர்ப்புப் பொறிகளும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் சிறு மொழிகளைக் கற்றுக்கொள்வது இணையத்தில் கிடைக்கும் எழுத்திலிருந்து. பல சிறு மொழிகளுக்கு அப்படிக் கிடைக்கும் பெரிய தொகுப்பு விக்கிப்பீடியாதான். அங்கே பிழையான எழுத்து நிறைந்தால் பொறி பிழையாகக் கற்கும். பிழையாகக் கற்ற பொறியின் மொழிபெயர்ப்பை எடுத்து இன்னொருவர் அதே விக்கிப்பீடியாவில் போடுவார். அடுத்த சுற்றில் பிழை இரட்டிப்பாகும். எல்லாவற்றையும் பொறியே மொழிபெயர்த்துவிடுமே, இனி ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டிலும் பெருகிவருகிறார்கள். பொறிக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது நாம் எழுதும் தமிழ்தான் என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

தமிழ் இந்த ஆபத்தை முன்பே ஒருமுறை நேரில் பார்த்துவிட்டது. 2009 முதல் இரண்டு ஆண்டுகள், கூகுள் நிறுவனம் கூலிக்கு ஆள் வைத்துத் தன் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், வங்காளம் உள்ளிட்ட மொழிகளில் கொண்டுவந்து ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. படித்தால் புரியவில்லை. தமிழ் வாசகருக்கு எவை தேவை என்ற யோசனையே இல்லாமல் தலைப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. திருத்தச் சொன்னால் எழுதியவர்களிடமிருந்து பதில் வராது. வங்காளச் சமூகம் அவற்றை ஏற்க மறுத்துவிட்டது. தமிழ்ச் சமூகம் கதவைச் சாத்தாமல் நிறுவனத்தோடு பேசியது, குறைகளைப் பட்டியலிட்டது, 2010இல் போலந்தின் கிதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் அதை ஆய்வறிக்கையாகவே முன்வைத்தது. சம்பளம் இல்லாத சில தன்னார்வலர்கள் உலகின் பெரும் நிறுவனம் ஒன்றிடம் ‘இது தமிழ் இல்லை’ என்று சொன்னார்கள். சொல்ல முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ஆங்கிலத்தையும் தமிழையும் எழுத்தளவில் ஒருசேரக் கையாளத் தெரிந்தவர்கள். ஸ்காட்ஸுக்கு அப்போது அமையாத காவல் தமிழுக்கு அமைந்திருந்தது.

அந்தக் காவலர்கள் எங்கிருந்தெல்லாம் வந்தவர்கள் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய செய்தி. தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடக்கத்தில் ஏறக்குறையத் தனியாளாக நின்று வளர்த்தவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தவர், கட்டடக்கலைஞர், ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, இடைமுகத்தைத் தமிழாக்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். கனடா தமிழ் இலக்கியத் தோட்டத்தின் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது. இலக்கியத்துக்கு வழங்கிவந்த விருதை ஒரு கலைக்களஞ்சியத் தொண்டருக்குக் கொடுத்தது சரியான தீர்ப்பு. தமிழறிஞர் செங்கைப் பொதுவன் எழுபது வயதைக் கடந்தபின் கணினியில் உட்கார்ந்து சங்கப் புலவர்களைப் பற்றிக் கட்டுரை கட்டுரையாக எழுதினார். ஈழத்தவர், தமிழ்நாட்டவர், வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குடியேறியவர்கள், பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள் என்று பின்னால் பலர் சேர்ந்தார்கள்.

இவர்கள் பொதுவாகக் கூடிப் பேசும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். அங்கே நடந்த வழக்குகளைப் படித்துப் பார்த்தால் தமிழ் எத்தனை ஊர்களில் எத்தனை விதமாக எழுதப்படுகிறது என்பது விளங்கும். கனடாவின் பெருநகரத்தை ஈழத்தவர் ‘ரொறன்ரோ’ என்று எழுதுவார். தமிழ்நாட்டவர் ‘டொராண்டோ’ என்பார். கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை ஓய்ந்ததே இல்லை. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் வெட்டி வம்பாகத் தோன்றலாம். உண்மையில் இது பெரிய விஷயம். அச்சுக் காலத்தில் சென்னைப் பத்திரிகையும் யாழ்ப்பாணப் பத்திரிகையும் தத்தம் வாசகருக்கு மட்டும் எழுதிக்கொண்டிருந்தன. ஒரே வாக்கியத்தை இரு நாட்டுத் தமிழரும் அன்றாடம் சேர்ந்து உட்கார்ந்து திருத்த வேண்டிய நிலை அதற்குமுன் பெரிதாக வந்ததில்லை. பல நேரங்களில் ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டு, எந்த எழுத்தில் தேடினாலும் ஒரே கட்டுரைக்கு வந்துசேரும்படி செய்து சமரசம் கண்டார்கள். ஒரு மொழிக்குள்ளேயே பன்மை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொண்ட தீர்வு அது.

பல மொழி தெரிந்தவர்கள் ஒரு சமூகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது ஆய்விலும் தெரிந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டு இணைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்காட் ஹேல் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, விக்கிப்பீடியா பயனர்களில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிப் பதிப்புகளில் எழுதினார்கள். ஒரு மொழியில் மட்டும் எழுதுகிறவர்களைவிட இவர்கள் மிகவும் சுறுசுறுப்பானவர்கள். சிறிய பதிப்புகளில் இவர்களுடைய விகிதம் இன்னும் கூடுதல். சிறு மொழிகளின் கலைக்களஞ்சியத்தைத் தாங்குகிறவர்கள் பன்மொழியாளர்களே என்று இதிலிருந்து துணிந்து சொல்லலாம். அவர்களே ஆங்கிலப் பதிப்புக்கும் உழைக்கிறார்கள். அது தவறில்லை. சங்க இலக்கியம் பற்றியும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பற்றியும் உலகம் படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதுவதும் தமிழ்ப்பணிதான். தமிழிலிருந்து போகிற வழி திறந்திருக்கிறது. தமிழுக்கு வருகிற வழியில்தான் ஆள் குறைவு.

இந்திய அளவில் பார்த்தால், தாய்மொழி எது என்ற கேள்வியே எளிமையானதல்ல. 2011 கணக்கெடுப்பில் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசுவனவற்றை 121 மொழிகளாகத் தொகுத்தார்கள். அந்தத் தொகுப்பில் நீலகிரியின் படுகர் மொழி கன்னடத்தின் கீழும், மதுரையில் நெசவாளர் வீடுகளில் ஒலிக்கும் சௌராட்டிரம் குஜராத்தியின் கீழும் போய் உட்கார்ந்தன. இந்தியர்களில் இருமொழியாளர் நூற்றுக்கு 26, மும்மொழியாளர் 7 என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழிக்கு ஓர் இடம்தான். வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராட்டிரமோ பேசி, தமிழில் படித்து, தமிழில் கனவு காணும் தமிழ்நாட்டவர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை எழுதினால் மற்றொன்றை மறைத்ததாக ஆகும். விக்கிப்பீடியாப் பயனர் இரண்டு மொழிகளைத் தாய்மொழி என்று குறித்துக்கொள்ள முடியும். அரசின் படிவத்துக்கு இல்லாத பெருந்தன்மை அது.

அந்தப் பெருந்தன்மையும் எழுத்தில்லாமல் பயன் தராது. 2008இல் வெளியான ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்பில் புதிதாக இடம்பெற்ற இந்திய எழுத்து முறைகளுள் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று சந்தாளியின் ஓல் சிக்கி. மற்றொன்று சௌராட்டிர எழுத்து. கணினியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே நாளில் கதவு திறந்தது. பத்தாண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், சந்தாளி விக்கிப்பீடியா ஓல் சிக்கியில் மலர்ந்தது. சௌராட்டிரத்துக்கு அது நடக்கவில்லை. பேசுவோர் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு உண்டு. சந்தாளி பேசுவோர் 73 லட்சம், சௌராட்டிரத்தார் இரண்டரை லட்சம். ஆனால் அது மட்டும் காரணமல்ல. ரகுநாத் முர்மு 1925இல் ஓல் சிக்கியை உருவாக்கியது முதலே அதை ஓர் இயக்கமாகக் கிராமம் கிராமமாகக் கொண்டுசென்றார்கள். ஒடிசாவில் ஒடியா எழுத்திலும் வங்கத்தில் வங்க எழுத்திலும் பிற இடங்களில் தேவநாகரியிலும் ரோமன் எழுத்திலும் சிதறிக் கிடந்த மொழி அது. 2003இல் அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. ஒடிசாவிலும் மேற்கு வங்கத்திலும் பள்ளிக்கூடத்துக்குள் ஓல் சிக்கி வந்தது. அப்படிப் படித்த இளைஞர்களும் வங்கதேசத்துச் சந்தாளிகளும் ஒரே எழுத்தில் இணையத்தில் சந்தித்தார்கள். எல்லைகள் பிரித்தவர்களை ஒரு கலைக்களஞ்சியம் சேர்த்துவைத்தது.

மங்களூர்ப் பகுதியின் துளுவுக்கு 18 லட்சம் பேர். எட்டாவது அட்டவணையில் இடமில்லை. படிப்பெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். துளு விக்கிப்பீடியா சோதனைக் களத்தில் எட்டு ஆண்டுகள் காத்திருந்து 2016 ஆகஸ்டில்தான் தனிப் பதிப்பானது. கன்னட எழுத்தில் துளு எழுதிப் பழகிய சிலரின் பிடிவாதம் அதைக் கரைசேர்த்தது. இதைப் பார்க்கும்போது, பள்ளிகளும் அச்சகங்களும் பத்திரிகைகளும் பல்கலைக்கழகங்களும் கைவசம் உள்ள தமிழுக்கு என்ன தடை என்று கேட்கத் தோன்றுகிறது.

தடை, முன்பே சொன்னதுபோல், எழுத்துப் பழக்கம் விட்டுப்போனதுதான். அதை மீட்பதற்குத் தமிழரிடம் மற்ற சமூகங்களுக்கு வாய்க்காத ஒரு முதல் இருக்கிறது. நார்வேயில் வளர்ந்த தமிழர் நார்வே மொழியில் படித்தவர். ஜெர்மனியிலும் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் வளர்ந்தவர்கள் அந்தந்த மொழிகளில் தேர்ந்தவர்கள். மலேசியத் தமிழருக்கு மலாய் தெரியும். வளைகுடாவில் முப்பது ஆண்டு உழைத்துத் திரும்பியவர்கள் அரபு பேசுகிறார்கள். இத்தனை மொழிகள் கையில் இருந்தும், நார்வே நாட்டைப் பற்றியோ மலேசிய வரலாற்றைப் பற்றியோ தமிழில் நாம் படிப்பது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாக வந்ததாகவே இருக்கிறது. ஆங்கிலேயர் எதைக் கவனித்தாரோ அதுதான் நமக்கும் வந்து சேருகிறது. அந்த மொழிகளிலிருந்து நேராகத் தமிழுக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையும் ஆங்கிலத்தில்கூட இல்லாத செய்தியைத் தமிழ் மாணவருக்குத் தர முடியும்.

இலங்கையில் இந்தத் தேவை இன்னும் கூர்மையானது. 1956இல் சிங்களம் மட்டுமே அலுவல் மொழியானது. 1987இல் அரசமைப்பின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அலுவல் மொழி என்றாயிற்று. இடையில் என்னென்ன நடந்தன என்பது தெரிந்ததே. தாய்மொழி வழியே பிரிந்த வகுப்பறைகளில் தலைமுறைகள் வளர்ந்தன. சிங்களத்தில் படிப்பவர் ஒரு வரலாற்றையும் தமிழில் படிப்பவர் இன்னொரு வரலாற்றையும் படிக்கும் நாட்டில், இரண்டையும் எழுதத் தெரிந்தவர் செய்யக்கூடிய வேலை மிகப் பெரியது. ஒரு மொழியின் ஆவணத்தை மற்ற மொழியில் ஆதாரத்தோடு வைக்கும் வேலையை எந்தப் பொறியிடமும் ஒப்படைக்க முடியாது.

கல்லூரிகள் நினைத்தால் இதில் உடனடியாக மாற்றம் கொண்டுவர முடியும். இயற்பியல் படிக்கும் மாணவர் ஒப்படைப்புக்காக எழுதும் கட்டுரை ஆசிரியரின் மேசையில் தூசி படிந்து கிடப்பதற்குப் பதிலாக, தமிழில் எழுதப்பட்டுத் திருத்தப்பட்டுப் பொதுவெளிக்கு வரலாம். அதற்கு மதிப்பெண்ணும் தரலாம். தமிழ்த் துறை மாணவர்களை மட்டும் இதற்கு அனுப்பும் வழக்கம் மாற வேண்டும். இலக்கியத்துக்குத் தமிழில் ஆள் இருக்கிறது. உயிரியலுக்கும் பொருளியலுக்கும் சட்டத்துக்கும்தான் பற்றாக்குறை. தமிழ்வழியில் படித்து நகரத்துக் கல்லூரிக்கு வந்து, முதல் பருவத்திலேயே ஆங்கிலப் பாடநூலின் முன் திகைத்து நிற்கும் பிள்ளைக்குத் தாய்மொழியில் ஒரு நல்ல கட்டுரை கிடைப்பது அந்த ஆண்டைத் தாண்டுவதற்கான உதவி. பட்டம் வரை தட்டுத்தடுமாறி வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மருத்துவர்கள், பொறியாளர்கள், வழக்கறிஞர்கள், வேளாண் அலுவலர்கள், வெளிநாட்டில் வேறு மொழியில் படித்துத் தேறியவர்கள் என எல்லாரிடமும் கேட்க வேண்டியது ஒன்றே. உங்கள் துறையில் நீங்கள் நன்கறிந்த ஒரு பொருளைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதுங்கள். முதல் கட்டுரை சிரமமாகத்தான் இருக்கும். கலைச்சொல்லுக்கு அகராதி புரட்ட வேண்டிவரும். நாலைந்து வாக்கியங்கள் ஆங்கிலச் சாயலில் வந்து விழும். விழட்டும். கணக்குத் தொடங்கக் கட்டணம் கிடையாது, தமிழில் தட்டச்சு செய்யும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது, பிழை கண்டால் திருத்தித் தரும் தன்னார்வலர்கள் 2003 முதல் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.